இரண்டாவது சரணத்து இருமல்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் ஸ்டுடியோவும் மூடும்.

ஸ்டுடியோ என்றால் மொட்டைமாடி அறை.
சுவரில் என் கல்யாணத்துக்குத் தந்த இலவம்பஞ்சு மெத்தை,
ஜன்னலில் முட்டை அட்டை,
ஒரு மைக். அதற்கு இன்னும் ஆறு தவணை பாக்கி.
கேபிள் டிவியில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக்
குரல் வெட்டி ஒட்டிப் பழகிய கை என்னுடையது.

கூட்ஸ் போய் முடியும்வரை
ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
தேசப்பன் பெட்டி எண்ணுவான்.
"நாப்பத்திரெண்டு, சகாயக்கா. எல்லாம் டேங்கரு."

பகலில் அவன் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
துறைமுக வாசலுக்கு ஒரு நாள் வரிசை,
சில சமயம் ஒன்றரை நாள்.
எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதி படிந்த
முன்வண்டியின் பின்கதவுதான் நோட்டுப்புத்தகம்.
விரலால் எழுதுவான்.
வரிசை நகர்ந்தால் வரிகளும் நகர்ந்துவிடும்.
"ரெண்டு சரணம் இந்நேரம் சிங்கப்பூர் போயிருக்கும்க்கா."

போகாமல் தங்கியது இது:

அந்தாண்ட நீ, இந்தாண்ட நான்
நடுவுல நாப்பது பொட்டி,
பொட்டிக்கும் பொட்டிக்கும் சந்துல மின்னுது
மூக்குல நீ குத்துன பொட்டு.

டோலக் அப்சல். பகலில் ஸ்கூல் பை தைக்கிறவன்.
பன்னிரண்டு பத்து கூட்ஸுக்கு முன்னால்
கடைசி டேக்.
முதல் சரணம் முடிந்து, இரண்டாவதற்கு மூச்செடுக்கையில்
தேசப்பன் இருமினான்.
வறட்டு இருமல், இரண்டு தடவை.
டோலக் அரைத் தட்டு தயங்கி
ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு பாடியதெல்லாம் சுத்தம்.
சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.
விடியற்காலை மூன்றுக்கு இருமலை வெட்டிப் பார்த்தேன்.
பல் விழுந்த இடம் மாதிரி
நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.
திரும்ப வைத்தேன்.
கொஞ்சம் எக்கோவும் வைத்தேன்.

அப்புறம் ஷேர் ஆட்டோ எல்லாம் இருமியது.
தண்டையார்பேட்டை ரிசப்ஷன் ஒன்றில்
பேண்டு செட் ட்ரம்பெட்காரர்
கன்னம் உப்பி இரண்டு தடவை இருமினார்.
பாத்திரம் கழுவிக்கொண்டே என் சின்னவள்.
பஸ்ஸில் ஒரு காலேஜ் பையன் நண்பனுக்கு விளக்கினான்,
"அது டெக்னிக்டா. வேணும்னே வெச்சது."
அவன் சொன்னது முழுப் பொய் இல்லை.

ஸ்டான்லியில் படம் எடுத்தார்கள்.
ஆறு மாசம் மாத்திரை.
"ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போவுதுக்கா" என்று சிரித்தான்,
மாஸ்க்குக்குள்.
நான் சிரிக்கவில்லை.
அந்த இருமலுக்கு எக்கோ வைத்தவள் நான்.
அது வாங்கித் தந்த காசில்
மைக் தவணை முடிந்திருந்தது.

ஆடி மாசம், கூழ் ஊத்தின ராத்திரி,
காசிமேட்டில் மேடை.
டாக்டர் பாடலாம் என்றுவிட்டார்.
மிக்ஸரில் நான்.
குரல் கொஞ்சம் எடை போட்டிருந்தது, அவனைப் போலவே.
முதல் சரணம் முடிந்தது.
பழக்க தோஷம், அப்சல் அரைத் தட்டு விட்டான்.
தேசப்பன் மூச்சு இழுத்தான்.
இருமல் வரவில்லை.

தெரு இருமியது.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள்,
சீரியல் லைட் கட்டிய பையன்கள்,
லத்தியை அக்குளில் இடுக்கிய ஏட்டு,
மாடிகளில் நைட்டிகள்.
இரண்டு தடவை, எண்ணி வைத்தது மாதிரி.
அப்புறம் ஒரே விசில், ஒரே சிரிப்பு.

சிரிப்பு அடங்கியும்
சிலர் நிறுத்தவில்லை.
பந்தலுக்கு அந்தாண்ட ஒரு கிழவர்.
தோளில் ஒரு குழந்தை.
ஜெனரேட்டர் பக்கம் யாரோ.
எது பாட்டுக்கு, எது நெஞ்சுக்கு?
என் விரல் ஃபேடர் மேல்.
இதை இறக்குகிற ஃபேடர் என்னிடம் இல்லை.

மணலிப் பக்கமிருந்து காற்று.
தேசப்பன் மைக்கைக் கீழே இறக்கி
காத்திருந்தான்,
கேட் திறக்கக் காத்திருப்பதுபோல.
கடைசி இருமல் முடிந்ததும்
அப்சலைப் பார்த்துத் தலையசைத்தான்.
அந்தாண்ட நீ.